முதலில் தண்ணீர், பிறகு மீன்

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலிருந்து வெளியே வரும் குழந்தைகளின் கையில் காற்றடைத்த பாலித்தீன் பை ஒன்று இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ். அப்பாவின் கையில் உருண்டையான கண்ணாடிக் கிண்ணமும் தீவன டப்பாவும். முதல் இரண்டு நாள் வீடே அந்தக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். நாலாம் நாள், பால் சிந்தியது போல் தண்ணீர் மங்கும். ஏழாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பத்தாம் நாள் கிண்ணம் காலி. வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று பெரியவர்கள் குழந்தையைத் தேற்றுவார்கள். கோல்டு ஃபிஷ் தாங்காது சார், கப்பி எடுத்துட்டுப் போங்க என்பார் கடைக்காரர். அடுத்த வாரம் கப்பி வரும், அதுவும் போகும். மீனை மாற்றினார்களே தவிர, அது செத்த தண்ணீரை யாரும் மாற்றி யோசிக்கவில்லை. புதிதாக மீன் வளர்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எந்த மீன் வளர்க்கச் சுலபம் என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. என் வீட்டுக் குழாயில் வருவது எப்படிப்பட்ட தண்ணீர், அதில் எவ்வளவு தொட்டியில் நிற்கப்போகிறது, மீன் வரும் முன் அது எத்தனை நாள் பழகியிருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சுலபமான மீன் எது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அந்தப் பத்து நாளில் கிண்ணத்துக்குள் என்ன நடந்தது? மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஆற்றிலோ குளத்திலோ அது பெருநீரில் கரைந்து போகும், பாக்டீரியாக்கள் அதை உண்டு தீர்க்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் அனேகமாக இல்லை. ஃபில்டரின் பஞ்சிலும் அடிமணலிலும் ஒட்டி அவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோஸ்பைரா இனம் என்பதே 1998-இல்தான் ஆய்வில் வெளிப்பட்டது. அந்த இனத்தைச் சேர்ந்த சில வகைகள் இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் என்று 2015-இல் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள்தாம் தொட்டியின் முதல் குடிகள். அவை குடியேறும் முன் மீனை விடுவது, கழிவறை கட்டாத வீட்டில் குடும்பத்தை அடைத்துப் பூட்டுவதைப் போன்றது.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தண்ணீரில் கரைந்த அம்மோனியா முழுவதும் ஒரே அளவுக்கு நஞ்சல்ல. அதன் எந்தப் பங்கு மீனைக் கொல்லும் என்பதை வெப்பமும் காரத்தன்மையும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி என்றால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8-க்கு ஏறி வெப்பமும் 30 டிகிரியைத் தொட்டால் அது ஏழு பங்குக்கு மேல் போகும். சென்னை போர்வெல் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேரும் இடம் அதுதான். ஆக்ஸிஜனும் வெந்நீரில் குறைவாகவே கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. நஞ்சு கூடுகிறது, மூச்சு குறைகிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய வளர்ப்புக் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றியும் இங்கே மீன் சாவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

ஆகவே தண்ணீரைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதற்கு ஆய்வகம் வேண்டாம், குளியலறை போதும். சோப்பு நுரைக்க மறுக்கிறதா, பிளாஸ்டிக் வாளியின் விளிம்பிலும் குழாய் மூக்கிலும் வெள்ளையாகப் பொருக்கு படிகிறதா? அப்படியானால் அது கடின நீர். சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்தது. குடிநீருக்கான இந்தியத் தரக்குறியீடு கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. தமிழ்நாட்டு போர்வெல்கள் பலவற்றில் 200 என்பது எப்போதோ தாண்டிப்போன எல்லை. மாறாக, கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் தலைக்குத் தேய்த்த ஷாம்பு போகவே மாட்டேன் என்னும். அது மென்னீர். ஒரே கடையில் வாங்கிய ஒரே மீன் இந்த இரண்டு வீடுகளிலும் ஒரே மாதிரி வாழாது. இதற்கிடையில் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு: நாமே குடிப்பது, மீனுக்கும் நல்லதுதானே என்று ஆர்ஓ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ தொட்டியில் ஊற்றுவது. ஆர்ஓ இயந்திரம் அழுக்கோடு தாது உப்புகளையும் வடித்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் விட்ட மோலி மீனைக் கவனித்தால், ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை இடமும் வலமுமாக நெளித்துக்கொண்டிருக்கும். நீந்துவது போலவே இருக்கும், ஒரு விரற்கடை நகராது. நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுவார்கள். அது கேட்பது சுண்ணாம்பை.

சோப்பு நுரைக்காத வீட்டுக்காரர் வருத்தப்பட வேண்டியதில்லை. தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற மீன் குடும்பம் ஒன்று அந்தத் தண்ணீரைத்தான் விரும்புகிறது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுமே முட்டையிடாமல் குஞ்சு போடும் வகை. தென் அமெரிக்காவின் வடகோடியும் மத்திய அமெரிக்காவும் மெக்சிகோவும் இவற்றின் தாயகம். மோலி கடலோர உவர் நீரிலும் வாழப் பழகியது. கடின நீருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கரைந்திருக்கும் கார்பனேட்டுகள் பிஎச் தடாலென்று விழாமல் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு வாரம் தண்ணீர் மாற்ற மறந்தாலும் அது மன்னிக்கும். இந்த மூன்றில் மோலிக்கே என் முதல் ஓட்டு. கப்பியின் வாலை விசிறியாக்கிப் பாவாடையாக்கி, தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, விலை உயர்ந்த வகைகளைப் பலவீனமாக்கிவிட்டார்கள். வாங்குவதானால் சின்ன வால் உள்ள சாதாரணக் கப்பியை, அதிலும் ஆண்களை மட்டும் வாங்கலாம். பெண் கப்பி ஒரு முறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உடலில் வைத்திருந்து, மாதம் ஒரு முறை குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். ஜோடியாக வாங்கிய கப்பி ஒரு வருஷத்தில் தொட்டியை நெரிசலாக்கி, முன்பு சொன்ன அதே அம்மோனியாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவர் நியாயமாகவே மறுப்பார். நியான் டெட்ரா அமேசானின் மென்னீரில் பிறந்தது என்பது புத்தகத்தில் சரி. இன்று கடையில் இருப்பது பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது. சென்னையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இந்த ஊர்த் தண்ணீரிலேயே பல தலைமுறை கண்ட மீன்களுக்கு, மூதாதையின் ஆற்றை வைத்து ஜாதகம் எழுதுவானேன் என்பார். இதில் பெரும்பங்கு உண்மை. வளர்ந்த டெட்ரா பலவும் மிதமான கடின நீரில் வாழ்ந்துவிடும். குஞ்சு பொரிப்பதுதான் அரிது. ஆனால் இந்த மறுப்பு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளவில்லை. மூதாதை வாழ்ந்த தண்ணீரைக் கேட்காதே, போன மாதம் வாழ்ந்த தண்ணீரைக் கேள் என்றுதான் அதுவும் சொல்கிறது. அதனால் கடையில் கேட்கவேண்டிய கேள்வி, இது இங்கே குஞ்சு பொரித்ததா, வெளியிலிருந்து இறங்கியதா என்பது. இங்கே வளர்ந்த கறுப்பு விடோ டெட்ரா, விமானத்தில் வந்து இரண்டே நாளான நியானைவிடப் பல மடங்கு தாங்கும். வெளியிலிருந்து வந்ததுதான் வேண்டுமென்றால், கடைத் தொட்டியில் அது இரண்டு வாரம் இருந்து தேறட்டும் என்று சொல்லிவிட்டு வந்து, பிறகு போய் வாங்கலாம். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு வருவோம். தொடக்கக்காரரின் மீன் என்று அதற்குப் பெயர் எப்படி வந்ததோ, அதன் உடலுக்கும் அந்தப் பெயருக்கும் பொருத்தமில்லை. அது கெண்டை வகை. இடம் கொடுத்தால் முக்கால் அடி, ஒரு அடி வளரும். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், குளிர்ந்த நீரை விரும்பும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சி விளையாட்டில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருஷம் வாழ்ந்தது. நம் வீட்டுக் கிண்ணத்தில் பத்து நாளில் செத்தது அதே மீன்தான். கொளத்தூரில் இந்த வெயிலிலேயே ஆயிரக்கணக்கில் வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். வளர்க்கிறார்கள், பரந்த சிமென்ட் தொட்டியில், நிழல்வலைக்குக் கீழே, ஏர் பம்ப் ஓட, தண்ணீரை அடிக்கடி மாற்றி. அங்கே ஒரு மீனுக்குக் கிடைக்கும் தண்ணீரையும் கவனிப்பையும் கிண்ணத்தோடு ஒப்பிட முடியாது. மூன்றடித் தொட்டியும் நல்ல ஃபில்டரும் வைக்கத் தயாரானவர் கோல்டு ஃபிஷ் வளர்க்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அது இன்னும் பொருத்தம்.

உருண்டைக் கிண்ணத்தின் குற்றம் அளவோடு முடிவதில்லை. அழகாக இருக்கும் என்று கழுத்து வரை தண்ணீர் நிரப்புகிறோம். கிண்ணத்தின் வயிறு அகலம், வாய் குறுகல். ஆக்ஸிஜன் இறங்குவதோ தண்ணீரின் மேற்பரப்பு வழியாக. கழுத்தளவு தண்ணீர் நின்றால் அந்தப் பரப்பு ஒரு சிறு தட்டின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் கிண்ணங்களுக்குத் தடை விதித்தது. சின்னத் தொட்டி சுலபம், பெரிசு தலைவலி என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய எதிரி. கணக்கு நேர்மாறாக இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டராவது நிற்கும். அதே மீனின் அதே கழிவு ஐந்து லிட்டர் கிண்ணத்தில் ஒன்பது மடங்கு செறிவாகும். பகல் வெயில் ஏறி இறங்குவதையும் பெரிய தொட்டி மெதுவாகவே உணரும். கிண்ணக்காரர் வாரம் இரண்டு மூன்று முறை முழுத் தண்ணீரையும் கொட்டி, இருக்கிற கொஞ்ச பாக்டீரியாவையும் கழுவி விட்டுவிடுகிறார். இரண்டடித் தொட்டிக்காரர் வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டிவிடலாம். புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் முந்தின நாளே வாளியில் பிடித்து வைக்கவேண்டும், அல்லது கடையில் விற்கும் குளோரின் முறிப்பானில் சில சொட்டு விடவேண்டும்.

மின்வெட்டு உள்ள ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஏர் பம்ப் நின்றால் திணறாமல் தாக்குப்பிடிப்பது எது? தலைக்குள் மடிப்பு மடிப்பாக உள்ள தனி உறுப்பால் காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் மீன்கள் சில உண்டு. ஃபைட்டரும் கௌராமியும் அந்த இனம். தேங்கிய வயல்நீரிலும் சதுப்பிலும் வெப்பத்தில் வாழ்ந்து பெற்ற வரம் அது. நம் கோடைக்கு ஹீட்டரும் வேண்டாம். இதைக் காட்டித்தான் ஃபைட்டரை ஹார்லிக்ஸ் பாட்டில் அளவுக் குப்பியில் அடைத்து விற்பதை நியாயப்படுத்துகிறார்கள். காற்றைக் குடிக்கத் தெரிந்ததால் அதற்கு அம்மோனியா சுடாமல் போய்விடாது. செவுளும் துடுப்பும் அதிலேதான் ஊறுகின்றன. ஒரு ஃபைட்டருக்கு இருபது லிட்டராவது கொடுத்து, ஒதுங்க ஒரு செடியும் வைத்தால், ஆண் மீன் எச்சில் குமிழிகளைக் கோத்து மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டுவதைப் பார்க்கலாம். இன்னொரு ஆண் ஃபைட்டரை மட்டும் அதே தொட்டியில் விடக்கூடாது.

இவை எல்லாவற்றையும் எடை போட்ட பிறகு, இதுவரை மீனே வளர்க்காத ஒரு வீட்டுக்கு ஒரே மீனைச் சொல்லவேண்டும் என்றால் நான் சொல்வது ஜீப்ராவை. இரண்டு அங்குலம்கூட எட்டாத, வெள்ளி உடம்பில் நீலக்கோடு ஓடும் மலிவான மீன். கங்கை, பிரம்மபுத்திரா வெளியின் ஓடைகளிலும் நெல் வயல்களிலும் வாழ்வது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்தார். அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலகத்தின் ஆய்வகங்களே சாட்சி. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் மரபியல் ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்து, 1981-இல் முக்கியமான முடிவுகளை வெளியிட்டார். மனித மரபணுக்களில் 70 சதவீதத்துக்கு இணையானவை இதனிடம் உண்டு என்று 2013-இல் வெளியான மரபணு வரைபடம் காட்டியது. சாதுவாக அடைபட்டு வாழ்ந்து, நன்றாகத் தின்று, தவறாமல் முட்டையிட்டதால்தான் அத்தனை நாடுகளின் ஆய்வகத் தொட்டிகளுக்குள் அது நுழைந்தது. அங்கே அதை வைத்திருக்கும் வழக்கமான வெப்பம் 28.5 டிகிரி. நம் வீட்டுக் கூடத்தில் வருஷத்தின் பெரும்பகுதி தொட்டி நீர் அதை ஒட்டியே நிற்கிறது. கடின நீர், மென்னீர் இரண்டிலும் சமாளிக்கும். குறைந்தது ஆறு சேர்த்து வாங்கவேண்டும். தனியாக விட்ட ஜீப்ரா மூலையில் ஒதுங்கும், இரண்டு மட்டும் என்றால் ஒன்று மற்றதைத் துரத்தியே வாட்டும். துள்ளும் மீன் என்பதால் தொட்டிக்கு மூடி கட்டாயம்.

வேண்டாம் என்று சொல்லவேண்டியவற்றில் முதலாவது, டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கும் சக்கர் மீன். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று இரண்டு அங்குலக் குட்டியைக் கூடவே கட்டிக்கொடுக்கிறார்கள். அது ஒரு அடியைத் தாண்டி வளரும். தின்ற பாசியைவிட அதிகமாகவே கழிக்கும். தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனம் வராமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரக்கத்தில் செய்வதுதான். ஆனால் முள்ளும் கவசமும் கொண்ட அந்த மீன் இன்று தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாஸ்துவுக்காக வாங்கும் அரோவானாவும் இந்தக் கணக்கில் வரும். நம்பிக்கையைப் பற்றி எனக்கு வாதமில்லை, நீளத்தைப் பற்றித்தான். வெள்ளி அரோவானா மூன்றடி வரை வளரக்கூடியது. மூன்றடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாமல் வளைந்து கிடக்கும். வீட்டுக்கு நல்லது வரவேண்டும் என்று வைத்த உயிரை அப்படி வைக்க யாருக்கும் மனம் ஒப்பாது, வாங்கும்போது அந்த நீளம் தெரிந்திருந்தால்.

மலிவான மீன்தானே, செத்தால் இன்னொன்று, இதற்கு ஆறு வாரம் காத்திருப்பார்களா என்பது கடைசியாக வரும் மறுப்பு. கையோடு கூட்டி வந்த குழந்தையிடம் வெறும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி ஒன்றரை மாதம் பொறு என்று சொல்வது கடினம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நடுவழி உண்டு. ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டு ஃபில்டரிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து புது ஃபில்டரில் செருகினால், பாக்டீரியா குடும்பமாகவே வந்து இறங்கும். அம்மோனியாவை உறிஞ்சும் நீர்ச்செடிகளை நிறைய நடலாம். முதலில் மூன்றே ஜீப்ராவை விட்டு, ஒரு சிட்டிகைத் தீவனம் ஒரு வேளை மட்டும் போட்டு, மற்ற மூன்றை மூன்று வாரம் கழித்துச் சேர்க்கலாம். இந்தப் பாடம் பழையது. 1849-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் நாடா போன்ற நீர்ச்செடியையும் கண்ணாடித் தொட்டியில் வைத்தபோது, அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது. அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டபின் தெளிந்தது. அன்றிலிருந்து தொட்டி வைத்த எல்லோரும் ஏதாவதொரு வடிவில், தண்ணீரைத் தெளிய வைப்பது மற்ற உயிர்கள்தாம் என்பதைத்தான் கற்றிருக்கிறார்கள். உயிர் மலிவு என்பதோ, நான் ஏற்க முடியாத வாதம். விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அம்மோனியாவில் செவுள் எரியும் மீனுக்கு வலி குறைவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கும்தான்.

வெளிநாட்டு மீனைத் தேடும் நமக்கு நம் ஊர் மீன்கள் பல பழக்கமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா மீனை உலகச் சந்தைக்காக ஓடைகளிலிருந்து அள்ளி அள்ளி, அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆகவே பண்ணையில் பெருக்கியதைத் தவிர வேறெதையும் வாங்கக்கூடாது. ஆனால் நம் தண்ணீருக்கென்றே பிறந்தவை இருக்கின்றன. சிறிய பாரடைஸ் வகை மீன் ஒன்றின் அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். குபானஸ் என்ற அந்தச் சொல், 1831-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அதை விவரித்தபோது புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து எடுத்தது. இரண்டு, இரண்டரை அங்குல நீளம். காற்றை மூச்சிழுக்கும், நுரைக்கூடு கட்டும், நம் வெயிலும் தேங்கிய நீரும் அதற்குப் பிறந்த வீடு. ஃபைட்டரின் பகட்டு இல்லை. தேன் நிற உடம்பு, இனப்பெருக்கக் காலத்தில் கண்ணிலும் துடுப்பிலும் சிவப்பு ஏறும். கொளத்தூர்ப் பண்ணையாளர் ஒருவர் மனம் வைத்து இதைப் பெருக்கத் தொடங்கினால், பையோடு வெளியே வரும் குழந்தையிடம், இது அரியாங்குப்பத்து மீன் என்று சொல்லிக் கொடுக்கலாம்.